ஆறுமணிக்குருவியும் சீவதயையும்

பரமத்தி வேலூர்க் காவிரிக்கரை வீடுகளில் பறவைகட்குத் தானியம் இறைப்போர் உண்டு. பனிக்காலத்தில் இமய அடிவாரத்தினின்று தென்னாடு வரும் ஆறுமணிக்குருவியோ அத்தானியத்தை நாடாது; சருகைக் கிளறிப் புழுபூச்சிகளையே உண்ணும். உயிருண்ணும் இவ்விருந்துக்கு நம் சீவதயை உரியதோ?

உரியதே. தில்லிச் செங்கோட்டையின் எதிரே லால் மந்திர் வளாகத்திலுள்ள ஜைனப் பறவை மருத்துவமனை, புலாலுண்ணும் பறவைகளை உள்ளே தங்கவைப்பதில்லை. ஆயினும் மருந்திட்டே அனுப்புகிறது. உணவு அப்பறவையின் பிறவியியல்பு. அதன் துன்பம் நம் இரக்கத்துக்குரியது.

அதற்காகப் புழுவைப் பிடித்து ஊட்டுதல் நமக்கு அறமாகாது. பின் செய்யத்தக்கது யாது? கொல்லைச் சருகுக்குத் தீயிடாதிருத்தலே. அத்தீயில் மாளும் எண்ணற்ற சிற்றுயிர்கள் பிழைக்கும். பறவையும் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். எவ்வுயிர் எதனை உண்ணும் என்பது நம் வசத்ததன்று. தீயிடாமை நம் வசத்தது.