சிபியின் தராசு

விடியலுக்கு முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் அவர்கள். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு. போகவும் வரவும் நாள்தோறும் பல மணி நேரம் ரயிலிலேயே கழிகிறது. அவர்களுடைய தந்தையரும் பாட்டனாரும் வீட்டு வாசலிலிருந்து நடந்தே பணிக்குப் போனவர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறையின் வெப்பத்தில், நாட்டுக்காகத் தங்கம் எடுத்தவர்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சுரங்க வாயில்களின் இரும்புக் கோபுரங்களும், சயனைடு கழிவு மண்மேடுகளும், வரிசை வரிசையான லைன் வீடுகளும் அந்தக் காலத்தின் சாட்சிகளாக நிற்கின்றன.

இத்தகைய லைன் வீடு ஒன்றில் ஒரு கேள்வி எழுவது இயல்பே. சொந்த நாட்டு மக்களே வாழ்வுக்கு அல்லாடும்போது, வேற்று நாட்டிலிருந்து ஓடி வருவோருக்கு இடமும் உணவும் தருவது முறையாகுமா? கேட்பவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நம் புராணங்கள் அவ்வாறு ஒதுக்கவில்லை. இதே கேள்வியைப் பசித்த ஓர் உயிரின் வாயிலாகவே கேட்க வைத்து, ஓர் அரசனைப் பதில் சொல்ல வைத்திருக்கின்றன.

பருந்தின் வழக்கு

சிபிச் சக்கரவர்த்தியின் கதை அனைவரும் அறிந்ததே. சோழர்களைச் செம்பியன் என்று தமிழ்ப் புலவர்கள் அழைத்ததே இம்மன்னனின் வழித்தோன்றல்கள் என்பதனால்தான். பருந்துக்கு அஞ்சிய புறா ஒன்று அரசனிடம் அடைக்கலம் புகுந்தது. அரசன் அபயம் அளித்தான். கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து நேரே தராசுக்குச் சென்றுவிடுவார்கள். இடையில் பருந்து பேசியது அவ்வளவாக நினைவில் நிற்பதில்லை.

மகாபாரதத்தில் அந்தப் பருந்து கொடியவனைப் போலப் பேசவில்லை, நியாயம் கேட்டது. தனக்கு இயற்கை விதித்த உணவை அரசன் பறித்துவிட்டான், தான் பட்டினியால் இறந்தால் தன் துணையும் குஞ்சுகளும் இறக்கும், ஓர் உயிரைக் காக்கப் பல உயிர்களை அழிப்பது என்ன தர்மம் என்று அது வாதிட்டது. ஒரு தர்மத்தைக் கெடுத்து நிற்கும் மற்றொன்று தர்மமாகாது என்றும் சொன்னது.

அரசன் அந்த வழக்கைத் தள்ளிவிடவில்லை. பருந்தின் பசி மெய் என்று ஏற்றுக்கொண்டான். புறாவின் அச்சமும் மெய் என்று கண்டான். பருந்துக்காகப் புறாவைக் கைவிடவுமில்லை. புறாவுக்காகப் பருந்தைப் பட்டினி போடவுமில்லை. தன் தொடைத் தசையை அறுத்துத் தராசில் வைத்தான். புறாவின் தட்டு தாழ்ந்துகொண்டே இருந்தது. இறுதியில் தானே தட்டில் ஏறி அமர்ந்தான்.

இக்கதையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அடைக்கலம் தருவதற்கு ஒரு விலை உண்டு. அது முதலில் கணித்ததைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். அந்த விலையைச் சிபி பிறருடைய தசையிலிருந்து அறுக்கவில்லை. அபயம் என்று சொன்னவனே அதைத் தன் உடலிலிருந்து கொடுத்தான். அடைக்கலம் தரலாமா என்று கேட்கும் ஒரு நாடு, அதன் விலையை யாருடைய தசையிலிருந்து அறுக்கப்போகிறது என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரே நாவில் இரண்டு குரல்கள்

சுவாமி விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோ சர்வசமயப் பேரவையில் ஆற்றிய முதல் உரையில், எல்லா நாடுகளிலும் துன்புறுத்தப்பட்டு ஓடிவந்தவர்களுக்கு இடம் தந்த நாட்டைச் சேர்ந்தவர் என்பதில் தாம் பெருமை கொள்வதாகக் கூறினார். தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்த யூதர்களையும், பாரசீகத்திலிருந்து வந்த ஜொராஷ்டிரர்களையும் சான்று காட்டினார்.

அன்றைய பாரதம் செல்வம் கொழித்த நாடன்று. தாது வருடப் பஞ்சம் முடிந்து 15 ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே பேரவையில் செப்டம்பர் 20 அன்று சுவாமிஜி மீண்டும் பேசினார். இந்தியாவின் அவசரத் தேவை மதமன்று, உணவே என்றும், பசியால் வாடும் தம் மக்களுக்கு உதவி கேட்டு வந்த இடத்தில் அது எவ்வளவு கடினம் என்று உணர்ந்ததாகவும் எடுத்துரைத்தார். இரண்டு உரைகளுக்கும் இடையே ஒன்பதே நாட்கள். அடைக்கலம் தந்ததற்கான பெருமையும், சொந்த மக்களின் பசிக்கான கண்ணீரும் ஒரே நாவிலிருந்து வந்தன. ஒன்று மற்றொன்றை மறுப்பதாக அவர் கருதவில்லை.

வந்தவர்களால் வளர்ந்த ஊர்

தங்கவயலின் வரலாறும் இக்கேள்விக்கு ஒரு விடை சொல்கிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சம் மைசூர் சமஸ்தானத்தை நிலைகுலையச் செய்தது. 1871-இல் ஏறத்தாழ 50 லட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை 1881-இல் ஏறத்தாழ 42 லட்சமாகச் சுருங்கியது. அந்த 1880-களில்தான் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் தங்கச் சுரங்கத் தொழில் வேரூன்றியது. வடஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அங்கே வந்து சேர்ந்தன. நிலமின்மையும் சாதிக் கொடுமையும் அவர்களில் பலரை ஊரைவிட்டுத் துரத்தியிருந்தன.

அவர்கள் சட்டப்படி அகதிகள் அல்லர், கூலிக்கு அழைக்கப்பட்டவர்கள். ஆயினும் பிறந்த மண்ணில் வாழ வழியின்றி வந்தவர்கள். தன் மக்களில் லட்சக்கணக்கானோரைப் பஞ்சத்துக்குப் பறிகொடுத்திருந்த கன்னட மண்ணில் அவர்கள் வேரூன்றினார்கள். அவர்களுடைய உழைப்பால் ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் எழுந்தன. 1902-இல் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் முதலில் வந்து சேர்ந்தது இந்தச் சுரங்கங்களுக்குத்தான்.

சுரங்கம் ஏன் மூடப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பாறையில் தங்கத்தின் அளவு குறைந்தது. ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. கிடைத்த தங்கத்தின் விலை எடுத்த செலவுக்கு ஈடாகவில்லை. எந்த அகதியும் அந்த வேலையைப் பறித்துக்கொள்ளவில்லை. பருந்தின் பசிக்குப் பெரும்பாலும் புறா காரணமன்று. காரணத்தைப் புறாவின் மேல் சுமத்தினால் பருந்தின் பசியும் தீராது.

ஐந்து பைசா

சுதந்திர பாரதம் இத்தராசைப் பலமுறை கையில் எடுத்திருக்கிறது. 1959-இல் தலாய் லாமாவைத் தொடர்ந்து திபெத்தியர்கள் வந்தபோது, அன்றைய மைசூர் மாநிலம் பைலகுப்பேயில் அவர்களுக்கு நிலம் ஒதுக்கியது. பனிமலையில் வாழ்ந்தவர்கள் வெப்ப பூமியில் காடு திருத்தி மக்காச்சோளம் விளைவித்தார்கள்.

1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை கடந்து வந்தார்கள். ஏறத்தாழ 15 லட்சம் மக்களே வாழ்ந்த திரிபுராவுக்குள் கிட்டத்தட்ட அதே அளவில் அகதிகள் புகுந்தார்கள். அந்தச் சிறிய மாநிலத்தின் ஏழைகள் மட்டும் அச்சுமையைத் தாங்குவது நியாயமாக இருந்திருக்காது. அவ்வாண்டு நவம்பர் 15 முதல் நாடு முழுவதும் கடித உறைகளின் மேல் அகதிகள் நிவாரணத்துக்காக 5 பைசா தபால்தலை ஒன்று கூடுதலாக ஒட்டப்பட்டது. தங்கவயலிலிருந்து ஆற்காட்டுக்கு எழுதியவரும், பம்பாயிலிருந்து மதுரைக்கு எழுதியவரும், தாம் ஒருநாளும் காணப்போகாத ஒருவரின் கஞ்சிக்கு அந்த 5 பைசாவைக் கொடுத்தார்கள். சுமை பகிரப்படும்போது தசை அறுபடும் வலி எவருக்கும் தாங்க முடியாததாக ஆவதில்லை.

இதுவே தர்மம் காட்டும் முறை. சுமை எல்லைப்புறத்து ஏழையின் கிணற்றிலும், அவன் கூலியிலும், அவன் பிள்ளையின் பள்ளி இருக்கையிலும் மட்டுமே விழுமானால் அவன் முணுமுணுப்பதில் வியப்பில்லை. பிறர் தசையை அறுத்துத் தராசில் வைத்துவிட்டுத் தன்னைச் சிபி என்று சொல்லிக்கொள்பவர்களைப் பார்த்து எழும் முணுமுணுப்பு அது.

சுக்ரீவனின் ஐயம்

வருபவர் யார், அவரால் தீங்கு நேருமா என்ற அச்சமும் உண்டு. விபீஷணன் கடற்கரையில் வந்து நின்றபோது சுக்ரீவன் அதைத்தான் கேட்டான். பகைவனின் தம்பியை எப்படி நம்புவது என்றான். ஸ்ரீராமன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. எல்லோருடைய கருத்தையும் கேட்டான். அனுமனின் மதிப்பீட்டையும் கேட்டான். அதன் பின்னரே, அடைக்கலம் என்று வந்தவரைக் காப்பது தன் விரதம் என்று உரைத்தான். ஆகவே விசாரிப்பது தவறன்று. விசாரணை என்ற பெயரில் கதவை மூடிவிடுவதே தவறு. ஐயுற்ற சுக்ரீவனே ஒரு காலத்தில் நாடிழந்து, வாலிக்கு அஞ்சி, ருசியமுக மலையில் ஒளிந்து வாழ்ந்தவன் அல்லவா! துன்பத்திலிருந்து கரையேறியவருக்கு அடுத்து வருபவரைக் கண்டு அச்சம் தோன்றுவது மனித இயல்பு. அதைக் கடப்பதே சாதனை.

பாதி அபயம்

உள்ளே விட்டுவிட்டால் கடமை முடிந்துவிடுவதில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்கள் தமிழகத்து முகாம்களில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அங்கேயே பிறந்து, படித்து, மணம் முடித்தவர்களும் உண்டு. சிதைந்த முகாம் வீடுகளுக்குப் பதிலாக 7,469 வீடுகள் கட்டித் தரும் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவித்தது. அவ்விடங்கள் இனி மறுவாழ்வு முகாம்கள் எனப்படும் என்றும் கூறியது. உயிரைக் காப்பது அபயத்தின் முதல் பாதி. உழைத்து, தலைநிமிர்ந்து வாழ விடுவது அதன் மறுபாதி.

திருவள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். இல்லறத்தான் பேண வேண்டியவர்களாக முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்னும் ஐவரைச் சேர்த்தே சொன்னார். விருந்தினருக்காகச் சுற்றத்தாரைக் கைவிடச் சொல்லவில்லை. சுற்றத்தாரைக் காட்டி விருந்தினரை விரட்டவும் சொல்லவில்லை. ஐவருக்கும் உரியதை அளிப்பதே இல்வாழ்க்கை. ஒரு வீட்டுக்குப் பொருந்தும் அந்த அறம் ஒரு நாட்டுக்கும் பொருந்தும். தங்கவயலின் இளைஞனுக்கு ஊரிலேயே ஒரு வேலை, முகாமில் பிறந்த குழந்தைக்கு ஒரு முகவரி ஆகிய இரண்டுமே நாடு செலுத்த வேண்டிய கடன்கள். ஒரு கடனைச் சாக்காகக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போடுபவர் முடிவில் இரண்டையுமே செலுத்துவதில்லை.

சிபி தராசில் ஏறி அமர்ந்த பின்னரே புறா அக்கினியாகவும் பருந்து இந்திரனாகவும் காட்சி தந்தார்கள். அடைக்கலம் கேட்ட உயிரிலும் பசித்து வழக்காடிய உயிரிலும் ஒருங்கே தெய்வம் மறைந்திருந்தது. புறாவை மட்டும் வணங்குபவரும் பருந்தை மட்டும் வணங்குபவரும் பாதித் தெய்வத்தையே காண்பார்கள். இருவருக்காகவும் தன்னிடமுள்ளதில் ஒரு பங்கை எடுத்து வைப்பவருக்கே முழுத் தரிசனம் கிட்டும்.