தேனும் தினைமாவும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

முதலாழ்வார்கள் மூவரும் திருக்கோவலூரில் சந்தித்த வைபவத்தைக் கேளாத ஸ்ரீவைஷ்ணவர் இரார். பொய்கையாழ்வார் கச்சித் திருவெஃகாவிலும், பூதத்தாழ்வார் திருக்கடல்மல்லையிலும், பேயாழ்வார் திருமயிலையிலும் அவதரித்தவர்கள். ஒருவரை ஒருவர் கண்டதில்லை. துணை என்று ஒருவரும் இன்றித் தனித்தனியே ஊர் ஊராகச் சஞ்சரித்தவர்கள். மழையும் இருளும் கவிந்த ஓர் இரவில், மிருகண்டு முனிவரின் ஆச்ரமத்து இடைகழியில் ஒதுங்கினார்கள். முதலில் வந்தவர் சயனித்திருந்தார். இரண்டாமவர் வந்ததும் எழுந்து இருவருமாக அமர்ந்தனர். மூன்றாமவரும் வரவே மூவரும் நின்றனர். அப்புறம் நான்காவதாக ஒருவன் வந்து நெருக்கினான். யார் என்று அறிய ஞானவிளக்கேற்றினார்கள். திருவந்தாதிகள் மூன்று பிறந்தன.

உபந்யாசங்களில் அந்த விளக்கைப் பற்றி நாம் விரிவாகப் பேசுகிறோம், பேசவேண்டியதே. ஆயினும் விளக்கேற்றுவதற்கு முன்பே அங்கு ஒன்று நடந்துவிட்டது. முதலில் படுத்திருந்த பொய்கையார் அவ்விடத்துக்கு உடையவர் அல்லர். அவரும் மழைக்கு ஒதுங்கியவரே. தமக்கே உரிமையில்லாத இடத்தில் பாதியை, முகம் தெரியாத ஒருவருக்கு இருட்டிலேயே கொடுத்தார். ‘நீர் யார், எவ்வூர், என்ன குலம்’ என்ற கேள்வி எழவில்லை. பூதத்தாரும் தமக்குக் கிடைத்த பாதியை மூன்றாமவரோடு அப்படியே பகிர்ந்துகொண்டார். விருந்தோம்புவதற்கு வீடு வாசல் வேண்டும், பொருள் வேண்டும், நேரம் வேண்டும் என்று நாம் சொல்லும் சாக்குகள் எல்லாம் அந்தச் சிறிய இடைகழியில் அடிபட்டுப் போகின்றன.

முதல் திருவந்தாதியின் 86ஆம் பாசுரத்தில் பொய்கையார் இந்த இடைகழியைத் தாமே பாடுகிறார். பிராட்டியோடு கூடிய எம்பெருமான், அதைவிட்டு அகலாமல் அங்கேயே நின்றதாக அனுபவிக்கிறார். பரமபதமும் பாற்கடலும் இருக்க, வழிப்போக்கர் மூவர் ஒருவருக்கொருவர் இடம் கொடுத்து நின்ற நடைவழி அவனுக்கு உகந்ததாயிற்று. நம் அகங்களில் ‘ரேழி’ என்கிறோமே, அது இடைகழி என்பதன் திரிபுதான். திருவரங்கத்துச் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் பழைய அகங்கள் எல்லாவற்றுக்கும் திண்ணையும் ரேழியும் இருந்தன. இன்று திண்ணையைக் கம்பிக்கதவு அடைத்துவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ரேழிக்கு இடமே இல்லை. காலத்தைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் மழைக்கு ஒருவர் ஒதுங்க வேண்டுமானால் எங்கே ஒதுங்குவார் என்ற எண்ணம் அவ்வீதிகளில் நடக்கும்போது அடியேனுக்கு வருவதுண்டு.

திருக்கோவலூரில் நடந்தது ஓர் இரவு. அதே உபசாரம் பல நாள் நீண்ட ஒரு வழி உண்டு. அது எம்பெருமானார் திருவரங்கத்தை விட்டு மேல்நாட்டுக்கு எழுந்தருளிய வழி.

அவர் புறப்பட்ட நிலையை முதலில் நினைக்கவேண்டும். முன்பு திருக்கோட்டியூர் நம்பியிடம் ரஹஸ்யார்த்தம் கேட்கத் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தவர் அவர். ‘தண்டும் பவித்ரமுமாகத் தனியே வாரும்’ என்று நம்பி நியமித்தபோது, முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் உடன் அழைத்துச் சென்றார். கேட்டதற்கு, இவர்களே அடியேனுடைய தண்டும் பவித்ரமும் என்று விண்ணப்பித்தார். அடியாரைப் பிரிந்த தனிமையை அவர் அறிந்ததே இல்லை. அப்படிப்பட்டவர், கிருமிகண்டன் என்று நம் குருபரம்பரை நூல்கள் குறிக்கும் சோழனின் ஆட்கள் தேடி வந்தபோது, காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் ஆழ்வானிடம் விட்டு, வெள்ளை சாத்திக்கொண்டு புறப்பட நேர்ந்தது. (அச்சோழன் யார் என்பதில் வரலாற்றறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை, நமக்கு அது இங்கு வேண்டா.) ஆழ்வான் அவருடைய வேஷத்தில் பெரிய நம்பியோடு அரசவைக்குச் சென்றார். அதன் விளைவை, நம்பி திருநாட்டுக்கு எழுந்தருளியதையும் ஆழ்வான் கண்களை இழந்ததையும், நினைக்கவும் நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆக, சிஷ்யர் சிலர் உடனிருந்தும் எம்பெருமானார் தனியரே. பெரிய பெருமாள் இல்லை, பவித்ரமான ஆழ்வான் இல்லை, கையில் தண்டு இல்லை, இடையில் காஷாயம் இல்லை. கோயில் நிர்வாகம் முழுவதையும் சீரமைத்து, எத்தனையோ பேருக்கு அன்றாடம் அமுது நடக்க வழிசெய்தவருக்கு, அடுத்த வேளை அமுது எங்கே என்று தெரியாத நிலை. மழையிலும் குளிரிலும் ஆறு நாள் அமுது செய்யாமல் காட்டில் நடந்தார்கள் என்று பெரியோர் அருளிச்செய்வர்.

அங்கே வேடர்கள் எதிர்ப்பட்டார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். திருவரங்கம் என்றதும், எம்பெருமானார் நலமாக இருக்கிறாரா என்று விசாரித்தார்கள். காட்டில் திரியும் உங்களுக்கு அவரை எப்படித் தெரியும் என்று சிஷ்யர்கள் வியக்க, நாங்கள் நல்லான் சக்கரவர்த்தியின் திருவடி சம்பந்தம் உடையவர்கள் என்றார்கள். நல்லானோ எம்பெருமானாரின் சிஷ்யர். தேனும் தினைமாவும் கொண்டுவந்து சமர்ப்பித்தார்கள். குளிர்காய நெருப்பு மூட்டினார்கள். வழித்துணையாக ஆளும் அனுப்பினார்கள்.

நல்லான் யார் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். ஆற்றில் ஒரு சவம் மிதந்து வந்தது. எந்த ஊர், என்ன குலம், யாருடைய பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியாது. தோளில் சங்க சக்ர லாஞ்சனை மட்டும் இருந்தது. அந்த ஒன்றைக் கொண்டு, அவனைத் தம் உறவாக ஏற்று, நல்லான் ஈமக்கடன் செய்தார். ஊரார் அவரை ஒதுக்கினர். ஊருக்குப் பொல்லாதவரான இவர் நமக்கு நல்லவர் என்று எம்பெருமானே அர்ச்சகர் முகமாக அருளினான்; அதனால் வந்ததே ‘நல்லான்’ என்ற திருநாமம். உயிரற்று, பேச்சற்று, தனியே நீரில் வந்த ஒரு வழிப்போக்கனை வரவேற்றவரின் சிஷ்யர்கள், காட்டு வழியில் வந்த தம் ஆசார்யரின் ஆசார்யரை வரவேற்றார்கள். உபந்யாசங்களில் இந்த வேடர்களுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கிவிட்டு, அடுத்து வரும் கொங்குப் பிராட்டியின் வைபவத்துக்கு விரைவது வழக்கமாகிவிட்டது. அடியேனுக்கு அது உடன்பாடில்லை.

அவர்கள் கொடுத்தது தேனும் தினைமாவும் என்பதைக் கவனிக்கவேண்டும். ஆஹார நியமம் உள்ளவர்கள், பிறர் சமைத்ததை ஏற்க இயலாதவர்கள் என்று அறிந்து, அடுப்பேறாத பொருளாகத் தேர்ந்து கொடுத்தார்கள். தங்கள் வீட்டில் சிறந்தது எதுவோ அதைக் கொடுப்பது ஒரு வகை. வந்தவருக்கு எது தகுமோ அதைத் தேடிக் கொடுப்பது அதனினும் உயர்ந்தது. பிறகு, சமைத்த அமுது கிடைக்கும் ஓர் அகத்துக்கும் அவர்களே வழிகாட்டினார்கள்.

சென்ற தை மாதம் அடியேன் திருவரங்கத்திலிருந்து திருநாராயணபுரத்துக்குத் தனியே காரோட்டிச் சென்றேன். திருச்சி தாண்டிக் காவிரிக்கரையோடு முக்கொம்பு, குளித்தலை, கரூர். பின்பு ஈரோடு, சத்தியமங்கலம், திம்பம் மலைப்பாதை, சாமராஜநகர், மைசூரு. ஏறத்தாழ 400 கிலோமீட்டர். எம்பெருமானார் நடந்த தடம் இதுவே என்று சொல்லத் துணியேன், திசை அதுதான். பண்ணாரிக்குச் சற்று முன்பு டயர் பஞ்சராயிற்று. திம்பத்தின் 27 கொண்டையூசி வளைவுகளும் புலிகள் காப்பகத்தினுள் இருப்பதால் இரவில் அங்கு போக்குவரத்துக்குத் தடை உண்டு. பொழுதோ சாயத் தொடங்கியிருந்தது. சாலையோர வாழைத்தோட்டத்திலிருந்து ஓர் இளைஞர் தாமாகவே வந்து ஸ்டெப்னியை மாற்றிக் கொடுத்தார். அவருடைய தாயார் நெற்றியில் இருந்த திருமண்காப்பைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க சாமி, எந்த ஊருங்க?” என்றார். திருவரங்கம் என்றேன். இரண்டு கைகளையும் கூப்பினார். உள்ளே சென்று இளநீரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்து, “வேக வெச்சது நீங்க சாப்பிட மாட்டீங்க. இது மரத்துல இருந்து எறக்குனதுங்க” என்றார். எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, இருட்டுவதற்குள் மலையேறிவிடும்படி சொன்னார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பற்றையும் வரவையும் நேர்செய்தே பொழுதைக் கழித்தவனுக்கு, நேர்செய்ய முடியாத ஒரு கணக்கு கையில் நின்றது. திம்பம் ஏறும் வழியெல்லாம் அந்த வேடர்களின் தினைமாவே நினைவில் இருந்தது.

இனிக் கொங்குப் பிராட்டி. இவ்வம்மையார் தம் நாட்டில் பஞ்சம் வந்தபோது கணவரோடு திருவரங்கத்துக்கு வந்து, ஓர் அகத்தின் மேல்மாடத்தில் குடியிருந்தவர். எம்பெருமானார் ஏழு அகங்களில் மாதுகரம் செய்ய எழுந்தருளும்போது, பெரியவர்களும் அரசர்களும் தெருவில் விழுந்து ஸேவிப்பதை மாடத்திலிருந்து காண்பார். ஒருநாள் கீழே இறங்கி வந்து, பிச்சைக்கு வருகிற உம்மை இவர்கள் எல்லாரும் ஸேவிக்கக் காரணம் என்ன என்று நேரே கேட்டார். பகவத் விஷயத்தில் சில வார்த்தைகள் சொல்லுவோம், அதனால் என்று எம்பெருமானார் அருள, அதை எனக்கும் சொல்லலாகாதோ என்றார். அங்கேயே த்வயத்தை உபதேசித்தார். ஊர் திரும்பும் வேளையில் அதை மறந்துவிட்டதாக அவர் வருந்தி நிற்க, மீண்டும் உபதேசித்து, அவர் வேண்டியபடி தம் திருவடிநிலைகளையும் தந்தருளினார். பஞ்சம் பிழைக்க வந்த, முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்குத் திருவரங்கம் அன்று இட்ட விருந்து அது.

வேடர் காட்டிய அகம் அந்த அம்மையாருடையது. கணவர் அப்போது அகத்தில் இல்லை. வந்தவர் யார் என்று அறியாமலே, பாகவதர்கள் என்ற ஒன்றைக் கண்டு, தளிகை செய்தார். அமுது செய்ய அழைத்தார். இவர்கள் தயங்கினார்கள். அவர் கோபிக்கவில்லை. நானும் எம்பெருமானார் திருவடியை ஆச்ரயித்தவள்தான் என்று திருவரங்கத்தில் நடந்ததைச் சொன்னார். அப்படியானால் கேட்டதைச் சொல் என்று எம்பெருமானாரே பரீக்ஷித்தார். த்வயத்தைப் பிழையின்றிச் சொன்னார். உள்ளே என்ன செய்கிறார் என்று பார்த்துவர ஒரு சிஷ்யரை நியமித்தார். அவர், தளிகையைக் கோயிலாழ்வாரில் எழுந்தருளப்பண்ணியிருந்த திருவடிநிலைகளுக்குச் சமர்ப்பித்ததாக வந்து விண்ணப்பித்தார்.

வெளிநாட்டில் வளர்ந்த நம் பிள்ளைகள் இவ்விடத்தில் கேட்கும் கேள்வி நியாயமானது: பசியோடு வந்த விருந்தாளி, உணவிட அழைப்பவளைச் சோதிப்பதா? நியமத்தைக் காட்டி விடை சொல்லலாம். அது சரியான விடையும் ஆகும். அடியேனுக்குத் தோன்றுவது வேறொன்று. அவள் யார் என்று கேட்காமல் உண்டிருந்தால், அவர் வழிப்போக்கர், அவள் சத்திரத்துக்காரி என்ற அளவில் அது முடிந்திருக்கும். கேட்டதனால், இருவரும் ஒரே திருவடியின் கீழ் இருப்பவர் என்பது வெளிப்பட்டது. அவர் கேட்டதும் அவளுடைய குலத்தை அல்ல. அவள் பெற்ற உபதேசத்தை. திருவாய்மொழி மூன்றாம் பத்து ஏழாம் திருவாய்மொழியில் நம்மாழ்வார், எப்பிறப்பினராயினும் எம்பெருமானுக்கு அடியவரானார் எம்மை ஆள்பவர் என்று திரும்பத் திரும்ப அறுதியிடுகிறாரே, அந்தத் திருவாய்மொழிக்கு வேடர் கொடுத்த தினைமாவும் இவள் சொன்ன த்வயமும் வ்யாக்யானமாக அமைந்தன. கொடுப்பவர் தாழ்ந்து நிற்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். பெறுபவரும் தாழ்ந்து நிற்க அறியவேண்டும். உலகத்துக்கெல்லாம் கொடுத்தவர், அங்கு ஒரு பிடி மாவுக்கும் ஒரு வேளைத் தளிகைக்கும் கைநீட்டி நின்றார். பாரதந்த்ர்யம் என்று நாம் ஏட்டில் படிப்பதன் உருவம் அது.

பிறகு நடந்ததை எத்தனை முறை கேட்டாலும் கண் நனையும். இவர்களுள் உன் ஆசார்யர் இருக்கிறாரா பார் என்றார்கள். அம்மையார் விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து ஒவ்வொருவர் திருவடியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அன்றாடம் திருவாராதனம் செய்யும் திருவடிநிலைகளின் அளவு அவர் கண்ணில் இருந்தது. ஓரிடத்தில் நின்று, இவை எம்பெருமானார் திருவடிகளைப் போலவே இருக்கின்றன, ஆனால் இவர் வெள்ளை சாத்தியிருக்கிறாரே, தெரியவில்லையே என்று கலங்கினார். எம்பெருமானார் தம்மை வெளியிட்டார். அம்மையார் திருவடிகளில் விழுந்து அழுதார். எல்லாரும் அமுது செய்தார்கள்; கணவரும் திரும்பிவந்து எம்பெருமானாரை ஆச்ரயித்தார்.

அங்கிருந்து புறப்படுவதற்கு முன், புதிதாகக் காஷாயமும் த்ரிதண்டமும் வருவித்து, தம் திருவாராதனப் பெருமாளான பேரருளாளன் திருமுன்பே அவற்றை மீண்டும் தரித்துக்கொண்டார் எம்பெருமானார். மேல்நாட்டுக்கு அவர் யதிராஜராகவே எழுந்தருளினார்.

அடியேன் ராமாநுஜ தாஸன்