தோளும் சுமையும்

சம்மேத சிகரம் நமக்கு முக்தித் தலம். இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறு எய்திய மலை. ஜார்க்கண்டில் உள்ள அப்பாரசநாத் மலைப் பகுதியைச் சூழல் காப்பு மண்டலமாக 2019-இல் அறிவித்த மத்திய அரசு, அங்கே சூழல் சுற்றுலாவுக்கும் இடமளித்தது. நாடெங்கும் ஜைனர்கள் வருந்தி எதிர்த்தனர். 2023 ஜனவரி 5-ஆம் நாள் சுற்றுலாப் பணிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. நாமும் மகிழ்ந்தோம்.

ஆயின் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. மலையினின்று சுற்றுலாவை விலக்கினோம். நம் மனத்தினின்று விலக்கினோமா?

மேடவாக்கத்திலிருந்து உறவினருடன் சிகர்ஜிக்குச் சென்றபோது நமக்கு எழுபது கடந்திருந்தது. ஏறிச் சுற்றி இறங்க 27 கிலோமீட்டர். முழங்கால் இடம் தரவில்லை. "டோலியில் வாருங்கள், பெரியம்மா" என்றனர் பிள்ளைகள். கூலியில் பேரம் நடந்தது, நாம் வாளாவிருந்தோம். உச்சியில் பார்சுவநாதர் திருவடிகளை வணங்கித் திரும்புகையில், சுமந்து வந்தவர்கள் பாறை ஓரத்தில் அமர்ந்திருந்தனர். ஒருவர் தோளில் காய்ப்பு ஏறியிருந்தது. அவர்கள் ஏதேனும் உண்டார்களா என்று அதுவரை நாம் கேட்கவில்லை.

கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களை இளமையிலேயே ஒப்பித்தவர்கள் நாம்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். மாட்டுக்கும் குதிரைக்கும் சொன்னவை என்றே எண்ணியிருந்தோம். அன்று இறுதி இரண்டும் நம்மையே சுட்டின.

அங்ஙனமாயின் டோலியே கூடாதோ? அது நின்றால் அவர்கள் வீட்டு அடுப்பு எரியாது. முதியோர்க்குத் தரிசனமும் இல்லை. பிழை டோலியில் இல்லை, சுமப்பவரை மறந்த மனத்தில் உள்ளது.

மேலும், அம்மலை சாந்தால் பழங்குடியினர்க்கு 'மராங் புரு' என்னும் தெய்வம். அதே 2023 ஜனவரியில் அவர்களும் உரிமை கோரிப் போராடினர். அவர்தம் வேட்டை வழக்கம் நமக்கு உடன்பாடன்று. எனினும், அநேகாந்தம் பேசும் நாம் அம்மலையிலேயே வாழ்வோரின் சொல்லைக் கேளாதிருத்தல் முறையோ?

யாத்திரையையும் உல்லாசப் பயணத்தையும் பிரிப்பது சேருமிடமன்று, செல்லும் முறையே. வலிமையுள்ளோர் நடந்து செல்க. இயலாதோர் டோலி கொள்க, பேரம் வேண்டா. சுமப்போர் இளைப்பாறக் காத்திருத்தல் வேண்டும். கொண்டு சென்ற நெகிழிப் புட்டிகளைக் கீழே கொணர்தல் வேண்டும். நம் பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் இதுவே விதி.

மீண்டும் செல்லும் பேறு நமக்கு வாய்க்குமோ, அறியோம். செல்லும் இளையோரேனும், நாம் கேட்கத் தவறியதை மலையேறுமுன் கேட்கட்டும்: "உண்டீர்களா, ஐயா?"