சலுகை என்பது தடையல்ல



டென்மார்க்கில் 2025 ஜூலை 1-க்குப் பிறகு 18 வயதை எட்டும் பெண்களும் கட்டாய ராணுவ சேவைக்கான குலுக்கலில் சேர்க்கப்படுகிறார்கள். நார்வேயில் 2015 முதலே இந்தச் சட்டம் இருபாலருக்கும் பொது. அங்கே வாழும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். போர்க்காலத்தில் பெண்ணைக் கட்டாயப்படுத்திப் படையில் சேர்க்கலாமா? மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது?

பெண்ணுக்கு வீரம் இல்லை என்று யாரும் பதிலைத் தொடங்கிவிட வேண்டாம். உஹதில் தண்ணீர்த் துருத்தியோடு வந்த உம்மு உமாரா (ரலி) அவர்கள், படை சிதறியபோது வாளேந்தி நபி (ஸல்) அவர்களைக் காத்து நின்றார்கள். தோளில் ஆழமான வெட்டுக்காயம் பட்டார்கள். ஹுனைனில் உம்மு சுலைம் (ரலி) அவர்கள் இடுப்பில் கத்தி வைத்திருந்தார்கள். காரணம் கேட்டறிந்த நபியவர்கள் தடுக்கவில்லை, சிரித்தார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களுக்குச் சென்று உணவு சமைத்தார்கள், காயம்பட்டோருக்கு மருந்திட்டார்கள்.

இவர்களில் யாரும் கட்டாயத்தின் பேரில் போகவில்லை. அறப்போரில் எங்களுக்கும் பங்குண்டா என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, உங்களுக்குரிய அறப்போர் ஹஜ் என்பதே நபியவர்கள் தந்த பதிலின் கருத்து. ஆக, கதவு திறந்திருந்தது. ஆனால் யாரும் உள்ளே தள்ளப்படவில்லை.

நமது ஃபுகஹாக்களும் இதையே சட்டமாக்கினார்கள். சாதாரண நிலையில் போர் ஃபர்ளு கிஃபாயா; அது பெண்கள் மீது கடமையில்லை. எதிரி ஊருக்குள் புகுந்துவிட்டால் மட்டும் நிலைமை வேறு. அப்போது கணவனின் அனுமதியின்றியும் மனைவி புறப்படலாம் என்று ஹிதாயா கூறுகிறது.

1941 டிசம்பரில் பிரிட்டன், 20 முதல் 30 வயது வரையிலான திருமணமாகாத பெண்களையும் பிள்ளையில்லாத விதவைகளையும் கட்டாய சேவைக்கு அழைத்தது. அப்போதும், எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி எந்தப் பெண்ணையும் கொல்லும் ஆயுதத்தைக் கையாள வைக்கக் கூடாது என்று அதே சட்டம் வரையறுத்தது. அழைப்பது வேறு, கொல்லும்படி கட்டாயப்படுத்துவது வேறு என்பதை அந்த நெருக்கடியிலும் அவர்கள் மறக்கவில்லை.

"உரிமையில் பங்கு கேட்பவர்கள் சுமையிலும் பங்கெடுக்க வேண்டாமா? ஆண் பிள்ளையின் உயிர் மட்டும் மலிவா?" என்று ஒரு தாய் கேட்டால் அது நியாயமான கேள்விதான். மலிவல்ல. அதனால்தான் ஆண்களிலும் பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகியோர் மீது குற்றமில்லை என்று குர்ஆன் விலக்களித்தது. உஹதுக்கு ஆசையோடு வந்த 14 வயது இப்னு உமர் (ரலி) அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பெற்றோர் உயிரோடிருந்த ஒருவரை, அவர்களுக்குப் பணிவிடை செய்யும்படி நபியவர்கள் அனுப்பி வைத்தார்கள். எல்லாத் தோளிலும் ஒரே எடையை ஏற்றுவது நீதியாகாது. கருவைச் சுமப்பதும் பாலூட்டுவதும் எந்த அரசாணையும் இல்லாமலே பெண் ஏற்கும் சேவை.

சகோதரர்களே! பெண்ணுக்குக் கிடைத்த இந்த விலக்கு நமக்குப் பெருமைப் பட்டமல்ல. நம் மீதான கடன். அதைக் காட்டி மகளுக்கு முதலுதவியும் தற்காப்பும் கற்றுத்தர மறுப்பவர் உம்மு அதிய்யாவின் வரலாற்றை மறந்தவர். அல்லாஹ் கடமையாக்காததைப் பெண் விரும்பிச் செய்தால் அது அவளுக்குச் சிறப்பு. அவள் மீது அதைத் திணிப்பது அநீதி.

போரின் தீங்கிலிருந்து எல்லா நாட்டுப் பிள்ளைகளையும் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.