பருவம் தப்பிய விருந்தாளி

"கூட்டம் இல்லாத காலமாகப் பார்த்துப் போனோம்" என்று சொல்லும்போது நம் குரலில் ஒரு சின்னப் பெருமிதம் ஏறிவிடுகிறது. பணம் மிச்சமானது மட்டும் அதற்குக் காரணமல்ல. கோடையில் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறவர்கள் ஒரு காட்சிப் பொருளைப் பார்க்கிறார்கள், குளிர்காலத்தில் போன நாமோ உண்மையான ஊரைப் பார்த்தோம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஏறக்குறைய ஓர் அறத் தகுதியைப் போல அதை வைத்துக்கொள்கிறோம். அந்தத் தகுதி நமக்கு உண்டா?

இந்தக் கேள்வி எனக்குத் துப்ரோவ்னிக் நகரில் எழுந்தது. குரோஷியாவின் தென்கோடியில், மத்தியதரைக் கடலின் கிளையான ஏட்ரியாட்டிக் கரையில் இருக்கும் ஊர் அது. அதன் பழைய நகரம் முழுவதும் கோட்டைச் சுவருக்குள் அடங்கிவிடும். ஒரு மென்பொருள் திட்டம் முடிந்து சில நாள் விடுப்புக் கிடைத்ததால் ஜனவரியில் போனேன். கோடையில் தோள் உரசாமல் நடக்க முடியாத ஸ்ட்ராதுன் வீதி, சுமார் 300 மீட்டர் சுண்ணாம்புக்கல் தளம், மழையில் நனைந்து கண்ணாடிபோல் கிடந்தது. உணவகங்களில் பெரும்பாலானவை பூட்டியிருந்தன. தெற்கிலிருந்து ஈரத்தோடு வீசும் காற்றுக்கு அங்கே யூகோ என்று பெயர். மலைப்பக்கமிருந்து இறங்கும் வறண்ட குளிர்காற்றுக்குப் பூரா என்று பெயர். யூகோ வீசும் நாளில் மனிதர்களுக்குப் புத்தி நிதானத்தில் இருக்காது என்பது ஊர் நம்பிக்கை. பழைய குடியரசுக் காலத்தில் அந்த நாட்களில் சட்டம் இயற்ற மாட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. மாலையில் சந்துகளின் படிகளில் ஏறியபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். மாடி ஜன்னல்களில் விளக்கு எரிந்த வீடுகளை எண்ணிவிட முடிந்தது. 1991இல் சுவருக்குள் சுமார் 5,000 பேர் குடியிருந்தார்கள். இப்போது அதைவிட மிகக் குறைவானவர்களே இருக்கிறார்கள். வீடுகள் கோடை வாடகைக்குப் போய்விட்டன. வாடகைக்கு எடுப்பவர்கள் குளிர்காலத்தில் வருவதில்லை. குடியிருந்தவர்கள் சுவருக்கு வெளியே போய்விட்டார்கள். அமைதி என்று நான் ரசித்துக்கொண்டிருந்ததில் பாதி, ஆள் குடியில்லாமை. கோடையின் நெரிசலும் குளிர்காலத்தின் வெறுமையும் ஒரே கணக்கின் வரவும் செலவும்தான். ஜனவரியில் போனதால் நான் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கவில்லை.

அப்படியானால் யாருமே போகாமலிருப்பது நல்லதா? அந்த ஊருக்கு அப்படியும் ஒரு குளிர்காலம் வாய்த்தது. 1991 இலையுதிர்காலத்தில் யூகோஸ்லாவிய ராணுவம் நகரை முற்றுகையிட்டது. தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. டிசம்பர் 6 அன்று பழைய நகரின் மீது கடுமையான எறிகணை வீச்சு நடந்தது. முற்றுகைக் காலத்தில் சுவருக்குள் இருந்த கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு அடிபட்டன. மதில்மேல் நடந்தால் பழைய மங்கிய ஓடுகளுக்கு நடுவே புது ஓடுகளின் பளிச்சென்ற சிவப்பு இன்றும் தெரியும். ஆளரவமற்ற கல்வீதி ஒரு ஊருக்கு எப்போதும் அழகாகவே இருக்கும் என்று நினைப்பது வெளியாளின் வசதி. போரைப் பார்த்த குடும்பங்களிலிருந்து வந்த வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனவே வருவதா வேண்டாமா என்பதைவிட, வருகிறவன் எதைக் கேட்கிறான் என்பதே முக்கியமாகப் படுகிறது. கோடைப் பயணி கேட்பது குறைவு. மதிலுக்கு நுழைவுச்சீட்டு வாங்குகிறான், படம் எடுக்கிறான், கப்பலுக்குத் திரும்புகிறான். குளிர்காலப் பயணி கேட்பது அதிகம். வேஷம் கலைத்த முகத்தைக் காட்டு என்கிறான். ஆறு மாதம் பரிமாறிக் களைத்தவர்கள் தங்களுக்குள் பேசிக் காப்பி குடிக்கும் நேரத்தில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, இதுதான் நிஜம் என்று மனதுக்குள் குறித்துக்கொள்கிறான். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை வரவேற்கவுமில்லை, விரட்டவுமில்லை. அது போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில் இம்மானுவேல் காண்ட் உதவுகிறார். தன் ஊரான கோனிக்ஸ்பெர்க்கைவிட்டு அதிகம் நகராத மனிதர். நிரந்தர சமாதானம் பற்றி 1795இல் எழுதிய கட்டுரையில் இரண்டு உரிமைகளைப் பிரிக்கிறார். பூமி உருண்டை, அதன் பரப்புக்கு எல்லை உண்டு, ஆகவே எந்த மனிதனும் இன்னொரு மண்ணுக்கு வந்து பார்க்கலாம். அவனைப் பகைவனாக நடத்தக்கூடாது. ஆனால் விருந்தினனாகத் தங்குவதை உரிமையாகக் கோர முடியாது. அதற்குத் தனி உடன்பாடு வேண்டும். வந்து பார்ப்பதைக் கைப்பற்றுவதாக ஆக்கிக்கொண்ட ஐரோப்பியரை அதே கட்டுரையில் கண்டிக்கிறார். வணிகத்தின் பெயரால் படை கொண்டுவந்ததற்கு இந்துஸ்தானத்தையே உதாரணம் காட்டுகிறார்.

துப்ரோவ்னிக் இதைக் காண்ட்டுக்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் செய்துபார்த்திருக்கிறது. அன்று அதன் பெயர் ரகூசா. வணிகர்களை நம்பி வாழ்ந்த துறைமுகம். கொள்ளைநோய் பரவியபோது வாசலை அடைத்தால் பட்டினி, திறந்தால் சாவு. 1377இல் அதன் பேரவை நடுவழி ஒன்றைச் சட்டமாக்கியது. நோயுள்ள இடங்களிலிருந்து வருகிறவர்கள் அருகிலுள்ள ஒரு தீவிலோ கரையோரச் சிற்றூரிலோ 30 நாள் காத்திருந்துவிட்டு உள்ளே வரலாம். உலகின் முதல் தனிமைப்படுத்தல் சட்டங்களில் ஒன்று அது. பிற்காலத்தில் கட்டிய காத்திருப்பு மனைகள் கிழக்கு வாசலுக்கு வெளியே இன்றும் நிற்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு பெருங்கப்பல்களுக்கு மேல் வேண்டாம் என்று 2019இல் நகரம் வைத்த வரம்பும் அந்த மரபில் வந்ததுதான். வரலாம், எப்போது, எத்தனை பேர் என்பதை வீட்டுக்காரர் சொல்வார்.

தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியம் அதை அந்தப் பொருளில் ஆள்கிறது. புதிதாக வந்தவர் என்பதால்தான் விருந்தினர். திருக்குறள் ஓர் அதிகாரம் முழுவதும் வீட்டுக்காரரின் கடமையைப் பேசுகிறது. விருந்தாளியின் கடமையைச் சொல்லப் பழமொழி போதுமென்று விட்டுவிட்டார்கள் போலும்: விருந்தும் மருந்தும் மூன்று நாள். புதுமை தீர்ந்த பிறகும் இருப்பவர் வேறு பெயருக்கு வேலை செய்ய வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும்.

அந்த ஊரின் பெருநாள் பிப்ரவரி 3, காவல் புனிதர் விளாஹோவின் திருநாள். ஆயிரம் ஆண்டு கடந்த வழக்கம். சுற்றுக் கிராமத்தார் கொடிகளோடு வருவார்கள். பயணிகள் குறைந்த நாளில் தங்களுக்காகவே எடுக்கும் விழா. நான் அதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

இதெல்லாம் வேறொருவர் ஊரைப் பற்றிய பேச்சு என்று நம்மால் ஒதுங்க முடியாது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறோம், டிசம்பர் கச்சேரிக்கு வருகிறோம், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க இரண்டு வாரம் வருகிறோம். ஊர் பழையபடி இல்லை என்று அலுத்துக்கொள்கிறோம். அந்தத் தெருவில் விளக்கெரியாத வீடுகளில் ஒன்றின் சாவி நம் பையில் இருக்கிறது.

அங்கே நம்மைக் கண்டதும் இரண்டு கேள்விகள் சேர்ந்தே வரும். எப்ப வந்தது? எப்பத் திரும்பிப் போறது? இரண்டாவது கேள்வி நம்மில் பலரைச் சுடுகிறது. சொந்த மண்ணில் விருந்தாளியாக்கிவிட்டார்களே என்று தோன்றுகிறது. ஆனால் கேட்பவர் பெரும்பாலும் தன் நாட்களைத்தான் கணக்குப் போடுகிறார்: எத்தனை வேளைச் சமையல், எந்த அறையை ஒழிப்பது, எப்போது மறுபடி காலை நீட்டிப் படுக்கலாம். அந்தக் கணக்குக்கு அவருக்கு உரிமை உண்டு. தேதியைச் சரியாகச் சொல்லிவிடுவது நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.