எல்லாம் நார்மல் என்ற பிறகும்

உடலுக்குச் சொற்கள் குறைவு. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், மூச்சு முட்டும். பயம் வந்தாலும் இவைதான். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், சர்க்கரை திடீரென இறங்கினாலும் இவற்றில் சில வரும். ஆகவே, 'இது மனசா, வேறு ஏதாவது நோயா?' என்று இரவெல்லாம் புரண்டு படுப்பவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. மருத்துவமே இங்கே இரு பக்கமும் தடுமாறியிருக்கிறது.

1835இல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ், கடும் படபடப்போடு கழுத்தில் தைராய்டும் வீங்கியிருந்த பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் ஒருவரின் தொல்லையை முதலில் ஹிஸ்டீரியா என்றே நினைத்திருந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்தது இதற்கு நேர்மாறு. நெஞ்சுவலி, படபடப்பு, களைப்பு என்று வந்த சிப்பாய்களை ஃபிலடெல்ஃபியாவில் கவனித்த ஜேக்கப் டா கோஸ்டா, 1871இல் அதை இதயத்தின் கோளாறாகவே எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதே குறிகளில் பதற்ற நோயைக் கண்டார்கள்.

அந்தப் பெண்ணும் பொய் சொல்லவில்லை, சிப்பாயும் சொல்லவில்லை. பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. மேல்மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. மனசுதான் காரணம் என்றாலும் படுவது உடம்புதான். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்பது பாதி உண்மை.

பரிசோதனை வேண்டும். ஈசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை என்று மருத்துவர் சொல்வதை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், மயங்கி விழுந்தாலும், அது பதற்றமா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராயக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிக்கல் பரிசோதனைக்குப் பிறகுதான். எல்லாம் நார்மல் என்று வந்த நிம்மதி சில நாள் தாங்கும். 'ஸ்கேன் எடுக்கவில்லையே' என்ற எண்ணம் எழுந்ததும் கை மறுபடி நாடியைத் தேடும். தேடத் தேடப் படபடப்பும் கூடும். இப்படித் தேடுபவர் கேட்பது, 'எனக்கு எந்த நோயும் இல்லை, வரவும் வராது' என்ற உறுதி. அதை எந்த லேபும் எழுதித் தராது. கவலையில்லாமல் தெருவில் நடந்துபோகிறவர் கையிலும் அந்தச் சீட்டு இல்லை; அது இல்லாமலே நடக்கப் பழகியிருக்கிறார், அவ்வளவுதான். பதற்றத்துக்கான நல்ல சிகிச்சையும் பெரும்பாலும் இந்தப் பழக்கத்தைத்தான் கற்றுத் தருகிறது.

சந்தேகம் முழுதும் தீர்ந்த பிறகு வாழ்வேன் என்பவர் காத்துக்கொண்டே இருப்பார். தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டு, தெரியாத மீதியோடு உண்டு, உழைத்து, உறங்க முடிவதற்குத்தான் ஆரோக்கியம் என்று பெயர்.