மன்னிப்பும் நஷ்டஈடும்

"வாடகைக் காரோட்டியும் நம்மைப் போன்ற ஏழைதானே, விபத்திற்காக அவர்மீது வழக்காடி நஷ்டஈடு கேட்பது தருமமா?" என்று இரக்கமுள்ளோர் வினவுகின்றனர். இரக்கம் நன்றே, ஆயினும் ஈண்டு அது இடந்தவறி நிற்கின்றது. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், பிறர் உயிருக்கும் உடலுக்கும் நேரும் கேட்டிற்கென வண்டிகளுக்குக் காப்புறுதியை விதித்துள்ளது. செயலி வழி அழைக்கப்பெறும் கார்களுக்கு வாடகைப் பயணத்திற்குரிய காப்புறுதியும் 2019 முதல் கட்டாயமாயிற்று. ஆகவே நஷ்டஈடு காரோட்டியின் சோற்றுக் கலத்தினின்று வருவதன்று. இத்தகைய நாளுக்கென்றே பலரும் செலுத்திய பணத்தினின்று வருவது. கோபத்தை விட்டுவிட எவருக்கும் உரிமையுண்டு. ஆனால், காலொடிந்து வேலையிழந்தவன் தன் மனைவி மக்களின் உணவையும் விட்டுக்கொடுக்க அவனுக்கு ஏது உரிமை? காரோட்டியை மன்னியுங்கள், உரிய தொகையைத் தயங்காது கேளுங்கள்.